கோழிக்குஞ்சின் குடல் வளர்ச்சியும் அமினோ அமிலங்களும்

கண்டி நகரைச் சூழ்ந்த பகுதிகளில் நெல்லும் மரக்கறியும் செய்கைபண்ணும் கமக்காரர் பலர் கோழியும் வளர்க்கின்றனர். முட்டை வீட்டுக்கும் சந்தைக்கும், எரு தோட்டத்துக்கும் உதவுகின்றன. ஆயினும், விலைகொடுத்து வாங்கிய குஞ்சுகளுட் சில முதல் வாரத்திலேயே இறப்பதும், எஞ்சியவை தீனுண்டும் வளராது நிற்பதும் உண்டு. குளிரும் நோயும் போலவே, குடல் செவ்வனே வளராமையும் இதற்கு ஒரு காரணமாகும்.

1. முதல் வாரத்தில் நிகழ்வது

பொரித்த குஞ்சின் வயிற்றினுள் முட்டைக்கருவின் மிச்சம் இருக்கும். அது நாலைந்து நாளிற் கரைந்துவிடும். அந்நாட்களிற் சிறுகுடல், உடலின் ஏனைய பாகங்களைவிட விரைவாக வளர்கின்றது. குடலின் உட்சுவரிலுள்ள சடைமுளைகள் நீண்டு, உணவை உறிஞ்சும் பரப்பைப் பெருக்குகின்றன. தீன் குடலை அடைந்தாலே இவ்வளர்ச்சி விரைவுறும். ஆதலின், குஞ்சு பொரித்து 24 மணித்தியாலங்களுக்குள் நீரும் தீனும் கிடைத்தல் வேண்டும். இரண்டு நாள் பட்டினி கிடந்த குஞ்சின் சடைமுளைகள் குட்டையாகவே நிற்கும்.

2. அமினோ அமிலங்களின் தொழில்

புரதம் என்பது அமினோ அமிலங்கள் கோத்த மாலை போன்றது. அவற்றுட் சிலவற்றைக் குஞ்சின் உடல் தானே ஆக்கவியலாது, தீனிலிருந்தே பெறவேண்டும். அரிசியும் தவிடும் பிண்ணாக்கும் கலந்த தீனிற் பெரும்பாலும் குறைபவை லைசீனும் மெதியோனினுமாகும். 1935இல் அமெரிக்க அறிஞர் வில்லியம் றோஸ் கண்டறிந்த திரியோனின், குடலின் உட்புறத்தைக் காக்கும் சளிப்படையை ஆக்க உதவுகின்றது. குளூற்றமீன் குடற்கலங்களுக்கு எரிபொருளாகின்றது.

3. குறுநெல் கலப்பதால் வரும் நட்டம்

முட்டையினக் குஞ்சுக்கு முதல் ஆறு வாரங்களில் தீனில் நூற்றுக்கு 18 பங்கு புரதமும், 0.85 பங்கு லைசீனும் தேவை. தவிட்டையும் தேங்காய்ப் பிண்ணாக்கையும் சரிபாதி கலந்தாற் புரதம் ஏறத்தாழ 16 பங்கு கிடைக்கும்; லைசீனோ ஏறத்தாழ 0.55 பங்கே. புரதம் போதும் போலத் தோன்றினும், லைசீன் மூன்றில் ஒரு பங்கு குறைகின்றது. வாங்கிய குஞ்சுத்தீனுடன் செலவைக் குறைக்க எண்ணிச் சரிபாதி குறுநெல் கலப்பவருக்கும் இதே குறை நேரும். சேமித்த பணத்தைக் குஞ்சின் வளர்ச்சியில் இழக்க நேரிடும்.

4. செய்யவேண்டியவை

(அ) முதல் ஆறு வாரங்களுக்குக் குஞ்சுத்தீனை எதனுடனும் கலவாது கொடுக்கவேண்டும். குறுநெல்லும் தவிடும் வளர்ந்த கோழிகளுக்கு உதவும்.

(ஆ) தீனை வீட்டிலேயே கலப்பவர் மீன்தூளும் வறுத்த சோயா அவரையும் சேர்த்தல் நன்று. இவை லைசீன் தரும். எள்ளுப் பிண்ணாக்கு மெதியோனின் மிக்கது. பச்சைச் சோயா சமிபாட்டைத் தடுக்கும். உப்புக் கருவாடு குஞ்சுக்கு நஞ்சாகலாம்.

(இ) கடையில் விற்கும் மெதியோனின், லைசீன் தூள்களைக் குஞ்சுத்தீனில் மேலும் சேர்த்தலாகாது. அவை அத்தீனில் முன்னரே உள்ளன. மிகுந்த மெதியோனின் வளர்ச்சியைக் குன்றச்செய்யும்.

(ஈ) முதல் வாரத்தில் அடைகாப்பு வெப்பம் 32 முதல் 35 பாகை செல்சியசு வரை இருத்தல் வேண்டும். மலைநாட்டுக் குளிரில் ஒடுங்கி நிற்கும் குஞ்சு தீனைத் தேடாது.

(உ) படுக்கை ஈரமானால் இரத்தக்கழிச்சல் தோன்றும். அந்நோய் குடற்சுவரையே அழிக்கும். மழைக்காலத்தில் நனைந்த உமியை உடனே அகற்றுக.

5. சோதித்தறியும் முறை

குஞ்சு வந்த மறுநாட் காலையிற் சிலவற்றின் இரைப்பையை மெல்லத் தடவிப் பார்க்கவேண்டும். நிரம்பி மென்மையாக இருந்தால் நன்று. வெறுமையாயின் வெப்பத்தையும் நீரையும் தீன் தட்டுகளையும் உடனே சீர்செய்க.

குஞ்சுகள் தொடர்ந்து இறப்பின், அண்மையிலுள்ள அரச மிருக வைத்திய அலுவலகத்துக்கு அறிவித்தல் வேண்டும். கன்னொறுவையிலுள்ள மிருக வைத்திய ஆராய்ச்சி நிலையம் கால்நடை நோய்களை ஆராய்கின்றது. முதல் வாரத்துக் கவனமே முட்டைக் காலத்து இலாபமாகும்.