துப்புரவுத் தொழில்: முதல் வேலையும் முதற் கணக்கும்

ஊரின் பொதுத் தொட்டியைக் கழுவுவதற்கு ஊராட்சியில் ஆள் உண்டு. மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டியை இயக்குபவர் அதனைக் கழுவிப் பிளீச்சிங் பவுடர் இடுகிறார். ஆனால் அங்கிருந்து குழாய் வழியே வீட்டுக்குள் வந்து, மாடியிலுள்ள 500 லிட்டர், 1000 லிட்டர் பிளாஸ்டிக் தொட்டிகளில் தங்கும் தண்ணீர் யார் பொறுப்பு? வாங்கி வைத்த நாள் முதல் ஒருமுறையேனும் கழுவப்படாத தொட்டிகள் பல உள. சிலவற்றின் மூடி காற்றில் பறந்து போய், கிடைத்த தகரம் ஒன்று அதன் இடத்தில் கிடக்கிறது.

வயலில் வேலையில்லாத மாதங்களில் வருவாய் தேடும் மகளிர் சுய உதவிக் குழுவினரும் இளைஞரும் இக்குறையையே தம் தொழிலுக்கு வாயிலாகக் கொள்ளலாம் என்பது நம் கருத்து. துப்புரவுத் தொழில் என்றதும் பலர் நினைப்பது பெரிய எந்திரமும், பட்டணத்து அலுவலகமும், சீருடையும்தாம். நாம் கூறுவது அதுவன்று. நான்கு பேர் சேர்ந்து, ஒரே வகை வேலையை நன்றாகக் கற்று, அதற்குச் சரியான விலை சொல்லப் பழகுவதே முதற்படி. அந்த ஒரு வேலையாக வீட்டுத் தண்ணீர்த் தொட்டியைத் தேர்ந்தெடுக்கலாம். முதல் குறைவு, தேவையோ மறைவதில்லை.

தொட்டியைக் கழுவுதல் எளிய வேலையாகத் தோன்றும். தண்ணீரைத் திறந்துவிட்டு மீண்டும் நிரப்பினால் போதும் என்று வீட்டுக்காரரும் எண்ணுவர். ஆனால் வெளியேறும் குழாய் தொட்டியின் அடிமட்டத்துக்குச் சற்று மேலேயே பொருத்தப்பட்டிருப்பது வழக்கமாதலால், வண்டல் முழுவதும் அடியிலேயே நின்றுவிடும். அதனைக் குவளையால் முகந்து, துணியால் ஒற்றி எடுத்தல் வேண்டும். மேலும், டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு தன் முட்டைகளை நீர்மட்டத்தை ஒட்டிய சுவரில் ஒட்டி வைக்கிறது. அம்முட்டைகள் நீரின்றி உலர்ந்தும் பல மாதங்கள் உயிர் தரித்திருந்து, மறுபடி நீர் பட்டதும் பொரிக்கும். ஆகையால் நீர்க்கோடு படிந்துள்ள சுவரைத் தும்பு பிரஷ்ஷினால் அழுத்தித் தேய்க்காத கழுவுதல் கழுவுதலே ஆகாது. இதனை வீட்டுக்காரருக்கு எடுத்துச் சொல்லிக் காட்டுகிறவரே தம் வேலைக்கு விலை கேட்கத் தகுதி பெறுகிறார்.

தேய்த்து அலசிய பின்னர் கிருமி நீக்கம். 1000 லிட்டர் தொட்டிக்குப் புதிய பிளீச்சிங் பவுடர் ஏறத்தாழ 150 கிராம் வேண்டும். பிளாஸ்டிக் வாளியில் சிறிது நீர் விட்டு முதலில் குழைத்து, பின்பு வாளி நிறையக் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியதும் தெளிந்த நீரை மட்டும் தொட்டிக்குள் ஊற்றி, தொட்டியை நிரப்ப வேண்டும். மாலையில் செய்து இரவு முழுவதும் விட்டுவைத்தல் நலம். மறுநாள் அந்த நீரைக் குழாய்கள் வழியே வெளியேற்றி, நல்ல தண்ணீரால் ஒருமுறை அலச வேண்டும். வெளியேறும் நீர் குடிக்கவோ சமைக்கவோ கால்நடைக்குக் காட்டவோ ஆகாது; வாசல் கழுவ உதவும். பவுடரைத் திறந்து வைத்தால் நாளடைவில் அதன் வீரியம் குறையும். எனவே சிறு பொட்டலங்களாக வாங்கி, இறுக மூடி, ஈரமும் வெயிலும் படாத இடத்தில் வைத்தல் வேண்டும். கழிப்பறை கழுவும் அமிலத்தோடு இது கலந்தால் குளோரின் நச்சுவாயு எழும். இரண்டையும் ஒரே பையில் எடுத்துச் செல்வதும் கூடாது.

வேலைக்கு வேண்டிய கருவிகள் மிகச் சில. நீண்ட கைப்பிடியுள்ள பிரஷ், இரண்டு வாளி, குவளை, பருத்தித் துணி, ரப்பர் கையுறை, முகமூடி, பாட்டரி விளக்கு, வலுவான ஏணி. ஈரத் தொட்டிக்குள் மின்கம்பி இழுத்து விளக்குப் போடுதல் உயிருக்கு ஆபத்து. வேலை தொடங்குமுன் மோட்டாரின் சுவிட்சை அணைத்து, வேறு யாரும் போடாதபடி அதன்மேல் அட்டை கட்டுதல் வேண்டும். அழுத்தத்தோடு நீரைப் பீய்ச்சும் எந்திரத்தை முதல் மாதமே கடன் பட்டு வாங்க வேண்டாம் என்பதே நம் ஆலோசனை. அது வீட்டில் சும்மா கிடக்கும் நாளிலும் தவணை வந்துகொண்டுதான் இருக்கும்.

இனி விலை. இங்கேதான் புதிய குழுக்கள் பெரும்பாலும் இடறுகின்றன. எடுத்துக்காட்டாக, தொட்டி ஒன்றுக்கு இருவர் அரைநாள் வேலை செய்வதாகவும், அரைநாட் கூலி ஆளுக்கு 300 ரூபாய் என்றும் கொள்வோம். கூலி 600. பவுடர், துணி, பிரஷ் தேய்மானம் 50. போய்வரும் செலவு 50. ஆக 700 ரூபாய் என்று கணக்கிட்டு, அதையே விலையாகவும் சொல்லிவிடுகின்றனர். ஆனால் மறுநாட் காலை நீரை வெளியேற்றி அலச ஒருவர் திரும்பவும் வரவேண்டுமன்றோ? அவருக்குக் கூலி 150, வழிச்செலவு 50. உண்மையான அடக்கம் 900 ரூபாய். உடைந்த குழாய்த் திருகுக்கும், வேலையில்லாத நாளுக்கும், பொது நிதிக்குமாக 100 சேர்த்தால் விலை 1000. எழுநூறு சொன்ன குழுவினர் கையில் ரொக்கத்தைக் கண்டு இலாபம் என்று மகிழ்வர். உண்மையில் அவர்கள் தங்கள் கூலியிலேயே 200 ரூபாயை விட்டுக்கொடுத்திருக்கின்றனர். கூலியும் வழிச்செலவும் ஊருக்கு ஊர் மாறும். ஆனால் மறுநாள் வருகையை மறவாமல் சேர்க்கும் முறை மாறாது. மாமன் வீட்டுத் தொட்டியை இலவசமாகக் கழுவினாலும், அதன் கூலியைப் பற்றுப் பக்கத்தில் எழுதி வைப்பது நல்லது. எத்தனை மாமன்கள் என்பது ஆண்டு முடிவில் விளங்கும்.

விலை பேசும்போது செய்யும் வேலை இன்னது, செய்யாத வேலை இன்னது என்று ஒரு தாளில் எழுதி இருதரப்பும் கையொப்பமிடுவது மிக இன்றியமையாதது. இரண்டாம் பகுதியே உயிர் காப்பது. கல்யாண மண்டபத்துத் தொட்டியையும் கூடத்தையும் கழுவப் போன இடத்தில், "கழிவுநீர்த் தொட்டியும் நிரம்பியிருக்கிறது, அதையும் பார்த்துவிடுங்கள்; கூடத் தருகிறேன்" என்பார்கள். அதற்கு ஒருபோதும் இசையலாகாது. அத்தொட்டிக்குள் தேங்கும் ஹைட்ரஜன் சல்பைடு வாயு, அளவு மிகுந்தால் மோப்ப உணர்வையே மழுங்கச் செய்துவிடும். நாற்றம் இல்லை என்று நம்பி இறங்கியவர் மயங்கி விழுவார், அவரைத் தூக்க இறங்கியவரும் விழுவார். பாதுகாப்புக் கருவிகளின்றி ஒருவரை இவ்வேலையில் ஈடுபடுத்துவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்துள்ளது. முதற் குற்றத்துக்கே ஈராண்டு வரை சிறையும், இரண்டு லட்ச ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். கழிவுநீர்க் குழிகளில் இறப்போர் குடும்பத்துக்கு 30 லட்ச ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023ஆம் ஆண்டு ஆணையிட்டது. அது உறிஞ்சு லாரியின் வேலை, மனிதனின் வேலையன்று. தரைக்கு அடியிலுள்ள நல்ல தண்ணீர்த் தொட்டியிலும் காற்றுக் குறைந்திருக்கக் கூடுமாதலால், மூடியை நெடுநேரம் திறந்து வைக்காமலும், மேலே ஒருவர் காவல் நில்லாமலும் இறங்கக் கூடாது.

மற்றொன்றும் சொல்ல வேண்டியுள்ளது. துப்புரவு என்றதும் ஊரில் ஒரு தெருவை மட்டும் திரும்பிப் பார்க்கும் பழக்கம் இன்னும் முழுவதும் ஒழியவில்லை. கடனும் பயிற்சியும் பெற்ற குழுவில் எல்லாத் தெருவினரும் இருப்பதும், பிரஷ் பிடிப்பவரும் கணக்கு எழுதுபவரும் முறைமாறி வேலை செய்வதும் வேண்டும். கணக்குப் புத்தகம் ஒரு சாராரிடமும் வாளி மற்றொரு சாராரிடமும் நிலைத்துவிட்டால், அது பழைய ஏற்பாட்டுக்குப் புதுப் பெயர் சூட்டியதாகவே முடியும்.

பதிவு முதலியவற்றுக்கு அஞ்ச வேண்டியதில்லை. சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவு கட்டணமின்றிச் செய்யப்படுகிறது. இடைத்தரகருக்குப் பணம் தர வேண்டாம். 2015ஆம் ஆண்டு தொடங்கிய முத்ரா திட்டத்தில், சிசு என்னும் பிரிவின்கீழ் 50,000 ரூபாய் வரை வங்கிக் கடன் பெறலாம். எனினும் முதல் பத்துத் தொட்டிகளுக்குக் குழுவின் சொந்தச் சேமிப்பே போதும். அந்தப் பத்தின் கணக்கு கையில் இருக்குமானால், வங்கியில் பேசுவதும் எளிது.

ஊராட்சி உறுப்பினர்கள் செய்யக்கூடிய உதவி ஒன்றுண்டு. கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறக்குமுன், பள்ளியிலும் அங்கன்வாடியிலும் உள்ள தண்ணீர்த் தொட்டிகளைக் கழுவும் வேலையை, விதிகளுக்கு உட்பட்டு, உள்ளூர்க் குழுவுக்கு அளிக்கலாம். ஊரார் கண்ணெதிரே நடக்கும் அவ்வேலையைவிடச் சிறந்த விளம்பரம் வேறில்லை. வேலை முடிந்ததும் பணமும் காலத்தில் கிடைக்க வேண்டும். மூன்று மாதம் கழித்து வரும் காசோலையை நம்பிப் பவுடர் வாங்கக் குழுவிடம் முதல் இராது. நான்கு பேரில் இருவர் அதற்குள் வேறு வேலைக்குப் போயிருப்பர்.