மடிக்கணினித் திரைக் கட்டுப்பாடுகளில் தமிழ் எழுத்துச் சிதைவு: அறிகுறி வழிக் காரணம் காணல்

ஆய்வுச்சுருக்கம்

மடிக்கணினியின் ஒலியளவு, ஒளிர்வு, இணைய இணைப்பு முதலியவற்றை இயக்கும் திரைக் கட்டுப்பாடுகளைத் தமிழில் அமைத்துக்கொள்வோர் பெட்டி, வினாக்குறி, புள்ளிவட்டம், இடம் மாறிய கொம்பு, வெட்டுண்ட சொல் எனப் பலவகைச் சிதைவுகளைக் காண்கின்றனர். இவையனைத்தும் ‘எழுத்துருக் கோளாறு’ என்னும் ஒரே பெயரால் சுட்டப்படுகின்றன. சிதைவின் தோற்றமே அது நேர்ந்த இடத்தைக் காட்டும் என்பதையும், வெட்டுண்ட சொல்லால் விளையும் பொருட்குழப்பம் தமிழின் தொடரமைப்போடு தொடர்புடையது என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: ஒருங்குறி, எழுத்துரு, திரைக் கட்டுப்பாடு, கொம்பு, புள்ளி, தொடரமைப்பு.

முன்னுரை

ஓலைச்சுவடியைப் பதிப்பிப்போர் பிழையைக் கண்டதும் திருத்திவிடுவதில்லை. அப்பிழை எவ்வாறு நேர்ந்திருக்கக்கூடும் என்பதை முதலில் ஆராய்வர். ஏட்டில் புள்ளி இடப்படாமை, குறில் நெடில் கொம்புகள் வேறுபடாமை, ரகரமும் காலும் ஒன்றுபோல் தோன்றுதல் ஆகிய எழுதும் வழக்கங்களை அறிந்தவரே பாடபேதத்தின் பிறப்பிடத்தைக் காண இயலும். கணினித் திரையில் தோன்றும் தமிழ்ச் சிதைவுக்கும் இம்முறை பொருந்தும். ஆனால் நடைமுறையில் சிதைவைக் கண்டவுடன் புதிய எழுத்துருவைப் பதிவிறக்குவதும், அது பயன்படாதபோது இயங்குதளத்தையே மீள நிறுவுவதும் வழக்கமாகிவிட்டன. அதனினும் கவலைக்குரியது, தமிழ் இடைமுகம் சரிவராது என்று முடிவுசெய்து ஆங்கிலத்துக்கு மாறிவிடுவதாகும். பிழை ஒன்றாயிருக்க, தண்டனை மொழிக்குக் கிடைக்கிறது.

திரைக் கட்டுப்பாடு என்பது இங்குப் பணிப்பட்டை, அதன் ஓரத்திலிருந்து விரியும் விரைவு அமைப்புப் பலகம், ஒலியையும் ஒளிர்வையும் கூட்டிக் குறைக்கும் நழுவுபட்டை, அமைப்புகள் சாளரம் ஆகியவற்றைக் குறிக்கும்.

கண்ணாடியா, நிரலா?

முதலில் தீர்க்க வேண்டிய ஐயம் சிதைவு திரையில் உள்ளதா, திரைக்கு அனுப்பப்படும் படத்தில் உள்ளதா என்பதாகும். இதற்கு எளிய சோதனை திரைப்பிடிப்பு. சிதைவு தோன்றும்போது திரைப்பிடிப்பு எடுத்து, அதனை வேறொரு கருவியில் திறந்து பார்க்க வேண்டும். அங்கும் சிதைவு தெரிந்தால் கோளாறு நிரலில் உள்ளது. அங்குத் தெளிவாகத் தெரிந்தால் திரைப்பலகம், அதனை இணைக்கும் வடம், வரைகலை இயக்கி ஆகியவற்றுள் ஒன்றை ஐயுற வேண்டும். வெளித்திரை ஒன்றை இணைத்து அதிலும் கோடுகளோ நடுக்கமோ வருகின்றனவா எனக் காண்பது இரண்டாம் சோதனை. மடிக்கணினியின் மூடியை அசைக்கும்போது மட்டும் கோடு தோன்றுமாயின் கீல் வழியே செல்லும் வடத்தைப் பழுதுநீக்குநரிடம் காட்டுவதே முறை. அங்கு எழுத்துருவுக்கு வேலை இல்லை.

எழுத்து மட்டுமின்றிப் படவுருக்களும் மறைந்து பலகம் கறுத்துப் போனால் இயக்கியையோ பணிப்பட்டை நிரலையோ மீளத் தொடங்கலாம். விண்டோஸ் இயங்குதளத்தில் விண்டோஸ், கண்ட்ரோல், ஷிஃப்ட், பி ஆகிய நான்கு விசைகளையும் சேர்த்து அழுத்தினால் வரைகலை இயக்கி மீளத் தொடங்கும். திரை ஒரு கணம் இருண்டு மீளும். அதனால் தீராவிடில் பணி மேலாளரில் விண்டோஸ் எக்ஸ்புளோரர் என்பதைத் தெரிந்து மீளத் தொடங்கப் பணிப்பட்டை புதிதாக வரையப்படும். லினக்சின் குனோம் சூழலில் வேலேண்டு அமர்வாயின் வெளியேறி மீண்டும் நுழைவதே வழி.

இவ்வளவும் எம்மொழிக்கும் பொது. படவுருக்கள் நன்றாயிருக்க எழுத்து மட்டும் சிதைந்திருந்தால் தமிழுக்கே உரிய ஆய்வு தொடங்குகிறது.

பெட்டி, வினாக்குறி, மும்மடிக் குறிகள்

எழுத்துக்கு எழுத்து வெற்றுப் பெட்டி தோன்றுவது மிக எளிதில் தீரும் கோளாறாகும். எழுத்தின் குறியெண் செம்மையாக வந்துள்ளது; அதற்கு வடிவம் தரும் எழுத்துரு மட்டும் இல்லை. விண்டோசின் இடைமுக எழுத்துருவான சேகோ யூஐ தமிழ் வடிவங்களைக் கொண்டதன்று. தமிழ் எழுத்து வரும்போது இயங்குதளம் அதனை நிர்மலா யூஐ என்னும் எழுத்துருவிலிருந்து கடன் பெறுகிறது. இடத்தை மிச்சப்படுத்த எண்ணி எழுத்துருக்களை நீக்குவோர் இக்கடன் வழியை அறியாமல் அறுத்துவிடுகின்றனர். எழுத்துரு அமைப்புகளில் இயல்புநிலைக்கு மீட்கும் பொத்தானை முதலில் முயலலாம்; கோப்பே நீக்கப்பட்டிருந்தால் அதனை மீள நிறுவ வேண்டும். லினக்சில் நோட்டோ அல்லது லோகித் தமிழ் எழுத்துருவை நிறுவினால் போதும். விண்டோஸ் 2000 முதல் உடன்வந்த லதா எழுத்துரு விண்டோஸ் 10-இல் விருப்பக் கூறாக ஒதுக்கப்பட்டது. எனவே லதாவைப் பெயர் சொல்லி அழைக்கும் பழைய செயலிகளில் எழுத்தின் அகலமும் வரி உயரமும் மாறித் தெரியும். இது சிதைவன்று, மாற்றுருவின் விளைவு.

வினாக்குறி வேறு வகை. எழுத்துக்கு ஒன்றாக வினாக்குறிகள் நிரம்பியிருந்தால், தமிழ் அறியாத பழைய குறிமுறை ஒன்றுக்குச் சொல் மாற்றப்பட்டு, ஒவ்வொரு குறியெண்ணும் வினாக்குறியாகவே சேமிக்கப்பட்டுவிட்டது என்பது பொருள். மூலம் அழிந்துவிட்டது. எந்த எழுத்துருவாலும் அதனை மீட்க இயலாது.

மூன்றாம் வகையில் ரோமன் எழுத்துகளும் மேற்குறிகளும் கலந்து நீண்ட சரமாகத் தோன்றும். ஒருங்குறித் தமிழ்த் தொகுதியின் குறியெண் ஒவ்வொன்றும் யூடிஎஃப்-8 முறையில் 3 பைட்டுகளால் எழுதப்படுகிறது. அதனை மேற்கு ஐரோப்பியக் குறிமுறையாகக் கொண்டு படித்தால் ஒரு குறியெண் மூன்று அடையாளங்களாக விரியும். தலையில் சாய்கோடு பெற்ற சிறிய ‘ஏ’ மூன்றுக்கு ஒருமுறை திரும்பத் திரும்ப வருவதே இதன் அடையாளம். இதில் மூலம் பெரும்பாலும் அழியவில்லை. சரியான குறிமுறையைத் தெரிந்து திறந்தால் தமிழ் மீளும். இவ்வாறு மும்மடித் திருப்பம் இன்றி ரோமன் குறிகள் வந்தால், அவை திஸ்கி, டாப் போன்ற பழைய 8 பிட் குறிமுறைகளின் எச்சமாக இருக்கலாம். அவற்றுக்குக் குறிமாற்றி வேண்டும்.

இதற்கு நேர்மாறான விந்தை ஒன்றும் உண்டு. ஆங்கிலப் பெயர்களெல்லாம் பொருளற்ற தமிழ் எழுத்துகளாகத் தோன்றுவது அது. பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள் ரோமன் எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்தவை. பாமினியில் ‘எம்’ இருக்க வேண்டிய இடத்தில் அகரமும் ‘கே’ இருக்க வேண்டிய இடத்தில் மகரமும் உள்ளன. இத்தகைய எழுத்துருவை இடைமுக எழுத்துருவாக எவரேனும் மாற்றியமைத்திருந்தால் பணிப்பட்டை முழுதும் மந்திரம்போல் தோன்றும். நச்சுநிரல் என்று அஞ்ச வேண்டியதில்லை. அம்மாற்றத்தை நீக்கினால் போதும்.

கொம்பும் புள்ளிவட்டமும்

ஒருங்குறியில் தமிழ் எழுத்து ஒலிமுறையில் சேமிக்கப்படுகிறது. ‘கெ’ என்பதில் ககர மெய்யுருவின் குறியெண் முன்னும் எகரக் கொம்பின் குறியெண் பின்னுமாக நிற்கும். கண்ணுக்குக் கொம்பு முன்னே தெரிய வேண்டும். இவ்விட மாற்றத்தைச் செய்வது வடிவமைப்புப் பொறி என்னும் நிரற்பகுதி. லினக்சில் ஹார்ஃப்பஸ் இப்பணியைச் செய்கிறது. விண்டோசில் முன்னர் யூனிஸ்கிரைப் செய்தது. கொம்பு மெய்க்குப் பின்னே தோன்றினால், அல்லது ‘கொ’ என்பதன் கொம்பும் காலும் ஒருபக்கமே ஒட்டிநின்றால், எழுத்துரு உண்டு, பொறி இயங்கவில்லை என அறியலாம். பொறியைத் துணைக்கொள்ளாது தானே எழுத்தை வரையும் செயலிகளிலும், சில உற்பத்தியாளர் இணைக்கும் ஒலி, ஒளிர்வு மேலடுக்குகளிலும் இது நேரக்கூடும். பயனர் செய்யக்கூடியது அச்செயலியைப் புதுப்பித்தல் அல்லது இயங்குதளத்தின் சொந்தக் கட்டுப்பாட்டைப் பயன்படுத்தல் மட்டுமே.

புள்ளிகளால் ஆன வட்டத்தின்மேல் தனித்த கொம்போ புள்ளியோ தோன்றுவது பொறி இயங்குகிறது என்பதற்குச் சான்று. தாங்கும் மெய் இல்லாமல் துணைக்குறி தனியே வந்ததனால், ‘இங்கு ஓர் எழுத்து குறைகிறது’ எனப் பொறியே வட்டமிட்டுக் காட்டுகிறது. காரணம் தட்டச்சுப் பிழையாகலாம். பெரும்பாலும் ஒரு சொல்லை நடுவே துணித்ததாகும்.

துணிக்கப்பட்ட சொல்லும் தொடர்ந்த குழப்பமும்

‘அமைப்பு’ என்னும் சொல் தமிழ்க் கணக்கில் 4 எழுத்து. ஒருங்குறிக் கணக்கில் 7 குறியெண். யூடிஎஃப்-8 கணக்கில் 21 பைட். நிரலாளர் எக்கணக்கில் சொல்லைக் குறுக்குகிறார் என்பதைப் பொறுத்துச் சிதைவு மாறும். 4 குறியெண்ணோடு நிறுத்தினால் ‘அமைப’ என நிற்கும். பகர மெய் தன் புள்ளியை இழந்து உயிர்மெய் ஆகிவிடும். 10 பைட்டோடு நிறுத்தினால் கடைசிக் குறியெண் உடைந்து கறுப்புச் சாய்சதுரத்துள் வினாக்குறி தோன்றும். தமிழ் எழுத்தெல்லையில் நிறுத்துவதே நேர்மையான குறுக்கம். ஏட்டில் புள்ளியின்மையைப் படிப்போர் இடம் நோக்கி நிரப்பிக்கொண்டனர். ஒற்றைச் சொல்லே நிற்கும் பொத்தானில் நோக்குதற்கு இடமே இல்லை.

எழுத்தெல்லையில் முறையாகக் குறுக்கினும் தீராத இடர் ஒன்று உள்ளது. அதுவே இவற்றுள் பெரிது. ஆங்கில ஏவல் தொடரில் வினை முதலில் நிற்கும். வலப்புறம் வெட்டினாலும் செய்ய வேண்டிய செயல் எஞ்சும். எதனைச் செய்வது என்பதே மறையும். தமிழ்த் தொடரில் வினை இறுதியில் நிற்கிறது. ‘புளூடூத்தை இயக்கு’, ‘புளூடூத்தை அணை’ என்னும் இரண்டும் குறுகிய பொத்தானில் ‘புளூடூத்தை…’ என ஒன்றாகிவிடும். ‘கடவுச்சொல்லைச் சேமி’, ‘கடவுச்சொல்லைச் சேமிக்காதே’ என்பவற்றில் எதிர்மறை வினையின் கடைசியில் ஒட்டுவதால் ‘கடவுச்சொல்லைச் சேமி…’ என்று வெட்டுண்ட நிலையில் உடன்பாடும் எதிர்மறையும் வேறுபடா. பொதுக் கணினியில் இப்பொத்தானை அழுத்துபவருக்கு இது இலக்கணச் சிக்கல் மட்டுமன்று.

ஒலி, ஒளி என்னும் இணையும் இவ்வகையில் எண்ணத்தக்கது. ‘ஒலியளவு’, ‘ஒளியளவு’ என அடுத்தடுத்து நழுவுபட்டைகளுக்குப் பெயரிட்டால் வேறுபாடு லகர ளகரத்தில் மட்டுமே தங்கும். உருப்பெருக்கம் 125, 150 விழுக்காடாக வைக்கப்பட்ட சிறு திரையில், வரி உயரம் ரோமன் எழுத்துக்கென வரையறுக்கப்பட்டிருந்தால், மேல்விலங்கின் தலையும் கீழ்விலங்கின் அடியும் வெட்டுப்படும். சொல்லின் தோற்றத்தை அடையாளம் காட்டும் பகுதிகள் அவையே. ஒலியளவு, ஒளிர்வு எனச் சொல்லின் நீளத்தையும் ஈற்றையும் வேறுபடுத்தி வைப்பது ஓரளவு காக்கும்.

பயனர் உருப்பெருக்கத்தை ஒரு படி குறைத்துப் பார்க்கலாம். சுட்டியைப் பொத்தான்மேல் நிறுத்தி முழுப்பெயர் மிதந்து வருகிறதா எனக் காணலாம். மொழிபெயர்ப்பாளர் செய்யத்தக்கது அதனினும் மிகுதி. ஏவல் தொடரை விடுத்து ‘புளூடூத்’ என்னும் பெயரை மட்டும் வைத்து, இயக்கநிலையை மாற்றுப்பொத்தானின் நிறமும் இடமும் காட்டுமாறு விடலாம். வினை தவிர்க்க முடியாத இடத்தில் ‘சேமிக்காதே’ என வினையை மட்டும் வைத்துப் பொருளைத் தலைப்புக்கு உயர்த்தலாம். வினையை முன்வைத்துத் தொடரைத் தலைகீழாக்குவது செய்யுளுக்குப் பொருந்தும். பொத்தானில் ஆங்கிலத்தின் நிழலாகவே ஒலிக்கும்.

வடிவம் சரி, குறியெண் பிழை

கண்ணுக்குப் புலப்படாத சிதைவும் உண்டு. ‘ஔவை’ என்பதன் முதலெழுத்தை ஒகரமும் ளகரமுமாகத் தட்டச்சிடுவோர் பலர். திரையில் வேறுபாடு மிகச் சிறிது. குறியெண்ணில் அது வேறு சொல். ‘மௌனம்’ என்பதில் ஔகாரக் குறியின் வலப்பகுதிக்கு ளகரத்தை இடுவதும் அவ்வாறே. இவ்வாறு ‘மெளனம்’ என எழுதியவர் அமைப்புகள் சாளரத்தின் தேடுபெட்டியில் தேடும்போது விடை கிடைக்காது; தேடுபொறி கெட்டுவிட்டதாக எண்ணுவார். ‘கொ’ என்பதன் குறியை ஒரே குறியெண்ணாகவும், கொம்பு, கால் என இரு குறியெண்களாகவும் எழுத ஒருங்குறி இடமளித்து, இரண்டும் சமம் என வரையறுத்துள்ளது. ஒப்பிடும் முன் இயல்பாக்கம் செய்யாத நிரல் இவற்றையும் வேறெனக் கொள்ளும். ‘ஸ்ரீ’ எழுத்திலும் இதே நிலை: 2005-இல் வெளிவந்த ஒருங்குறி 4.1 பதிப்பில் ஶகரம் சேர்க்கப்பட்ட பின் அது ஸகரத்தாலும் ஶகரத்தாலும் எழுதப்படுகிறது. இவ்விரண்டையும் ஒருங்குறி சமமாகக் கொள்ளவில்லை.

ஆகவே சிதைவை மென்பொருள் ஆக்குநருக்கு அறிவிக்கும்போது திரைப்பிடிப்பு மட்டும் போதாது. படத்தில் வடிவமே தெரியும், குறியெண் தெரியாது. பொத்தானின் சொல்லைப் படியெடுக்க இயலுமாயின் அதனை எழுத்தாகவே ஒட்டுதல், இயங்குதளத்தின் பதிப்பு எண், உருப்பெருக்க விழுக்காடு, பயன்படும் தமிழ் எழுத்துருவின் பெயர், உள்ளிட்ட விசைப்பலகை தமிழ்99-ஆ பிறிதா என்னும் விவரம் ஆகியவை உடன் செல்ல வேண்டும். இடைமுகத்தை ஆங்கிலத்துக்கு மாற்றி அதே பொத்தானை எடுத்த படம் ஒன்றும் இணைந்தால், தமிழ் படிக்கத் தெரியாத நிரலாளரும் எப்பொத்தானில் எந்தச் சொல் வெட்டுண்டது என்பதைத் தாமே கண்டுகொள்வார்.