மலைநாட்டிற் சிக்கனமாக அலங்கார மீன் வளர்த்தல்

ஓய்வு வேளையில் அலங்கார மீன் வளர்க்க விரும்பும் கமக்காரர் மலைநாட்டிலும் உளர். ஒரு தொட்டியுடன் தொடங்குவோர் விரைவில் மூன்று நான்கு தொட்டிகளை விரும்புவர். ஆயினும், முதல் மாதத்திலேயே மீன்கள் மடிந்து பணமும் வீணாவதனாற் சிலர் மனந்தளர்ந்து கைவிடுகின்றனர். குளிர், பக்குவப்படாத நீர், நஞ்சு கலந்த நீர் ஆகிய மூன்றுமே இதற்குப் பெரும்பாலும் காரணமாகும்.

1. குளிருக்கேற்ற மீன்

நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,870 மீற்றர் உயரத்திலும், அற்றன் ஏறக்குறைய 1,270 மீற்றர் உயரத்திலும் உள்ளன. வெப்ப வலய மீன்கள் பலவற்றிற்கு 24 முதல் 28 பாகை செல்சியசு வெப்பமுள்ள நீர் வேண்டும். 60 சதமமீற்றர் நீளமும், 30 அகலமும், 30 உயரமும் உடைய தொட்டி 54 லீற்றர் கொள்ளும். அறையின் வெப்பத்திலும் 10 பாகை கூடுதலாக அந்நீரை வைத்திருக்க 100 உவாற்று மின்சூடாக்கி தேவைப்படும். அது நாளொன்றுக்கு 12 மணி நேரம் இயங்கினால் மாதம் 36 அலகு மின்சாரம் செலவாகும். நான்கு தொட்டிகளுக்கு 144 அலகாகும்.

ஆகவே, சூடாக்கி வாங்குமுன் குளிர் தாங்கும் மீனைத் தெரிந்தெடுங்கள். சீன நாட்டு வைற் கிளவுட் மீனும் பொன்மீனும் நுவரெலியாக் குளிரையும் தாங்கும். பொன்மீனுக்கு மேற்கூறியதிலும் பெரிய தொட்டி வேண்டும். சீப்ரா டானியோ, ரோசி பார்ப் ஆகியன 18 பாகைக்குக் குறையாத அறைகளுக்கு ஏற்றவை.

2. நீரைப் பக்குவப்படுத்தல்

எருவிலிருந்து வெளிப்படும் அமோனியாவை மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் நைத்திரேற்றாக மாற்றுகின்றன. தொட்டியிலும் இதுவே நிகழ்தல் வேண்டும். மீனின் கழிவிலிருந்து உண்டாகும் அமோனியா பூக்களைத் தாக்கி மீனைக் கொல்லும். அதனை மாற்றும் நுண்ணுயிர்கள் பெருக ஆறு வாரமளவு செல்லும். குளிரில் இன்னுங் கூடுதலாகும். இதனை எழுதுபவர் தமது முதற்றொட்டியில் ஒரே நாளிற் பதினைந்து மீன்களை விட்டார். பத்து நாட்களில் இரண்டே எஞ்சின. எனவே, இரண்டு மூன்று மீன்களுடன் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டுங்கள்.

இரண்டாந் தொட்டிக்கு இத்தனை காலம் காத்திருக்க வேண்டியதில்லை. அதற்குரிய கடற்பஞ்சு வடிகட்டியை முதற்றொட்டியில் ஆறு வாரம் இட்டு வைத்துப் பின்னர் மாற்றுங்கள். காற்றுப் பம்பி ஒன்றே குழாய்க் கிளைகள் மூலம் நான்கு தொட்டிகளுக்குப் போதும். மின் தடைப்படும்போது நீர் பின்னோக்கிப் பாயாதவாறு பம்பியை நீர்மட்டத்திற்கு மேலே வையுங்கள்.

3. நஞ்சு

தேயிலையின் கொப்புள நோய்க்குத் தெளிக்கும் செப்பு மருந்தும், மரக்கறிக்குத் தெளிக்கும் பூச்சிநாசினிகள் பலவும் சிறிய அளவிலேயே மீனைக் கொல்லும். தெளித்த நிலங்களுக்குக் கீழேயுள்ள ஓடை நீரையும் பீலி நீரையும், சிறப்பாக மழை பெய்த பின்னர், தொட்டிக்கு எடுக்கலாகாது. மருந்து கலந்த வாளியைத் தொட்டி வேலைக்குப் பயன்படுத்த வேண்டாம். தெளித்து வந்ததும் குளித்து உடை மாற்றிய பின்னரே தொட்டியருகிற் செல்லுங்கள்.

நாளாந்தக் கவனிப்பு

இரண்டு நிமிடத்தில் உண்டு முடிக்கும் அளவே உணவிடுங்கள். வாரந்தோறும் காற்பங்கு நீரை மாற்றுங்கள். குளோரின் நீங்கவும், வெப்பம் சமப்படவும், குழாய் நீரைத் திறந்த வாளியில் ஒரு நாள் அதே அறையில் வையுங்கள். அகற்றும் நீரில் நைத்திரேற்று உண்டு. உப்போ மருந்தோ இடாத நீராயின் கோவா, லீக்ஸ் பாத்திகளுக்கு ஊற்றுங்கள்.

வேண்டாத மீனை ஓடையிலோ குளத்திலோ விடவே கூடாது. தொட்டிகளுக்காகக் கொண்டுவரப்பட்ட உறிஞ்சுவாய்க் கெளிறு இலங்கையின் நீர்நிலைகளிற் பரவி, நாட்டு மீன்களுக்குக் கேடாகியுள்ளது. அத்தகைய மீனை வளர்க்க விரும்பும் அயலவருக்குக் கொடுத்துவிடுங்கள்.

நாற்றுமேடையைப் பேணும் பொறுமையோடு முதற்றொட்டியைப் பேணுங்கள். அது செழித்த பின்னரே அடுத்ததை வையுங்கள்.