கரிசல் மண்ணில் வீடு: எந்தக் கடைக்கால் ஏற்றது?

கோவில்பட்டி, விளாத்திகுளம், அருப்புக்கோட்டைப் பக்கம் கரிசலில் மனை வாங்கியவருக்கு வீட்டின் பாரம் பெரிய கவலை அல்ல; மண்ணின் அசைவுதான் கவலை. கரிசலில் உள்ள மான்ட்மோரிலோனைட் என்ற தாது மழைக்கு நீரைக் குடித்து உப்பும். கோடையில் சுருங்கி மண் பாளமாக வெடிக்கும். கனமான மாடிக் கட்டடம் அந்த உப்பலை ஓரளவு அமுக்கிவிடும். லேசான ஒற்றைத் தள வீட்டையோ மண் தூக்கிவிடும். 'சின்ன வீடுதானே, மூன்றடி வானம் போதும்' என்ற கணக்கு தப்புவது இதனால்தான்.

முதலில் மண் பரிசோதனை

இரண்டு விவரம் கேட்டு வாங்குங்கள்: கரிசல் எத்தனை அடி ஆழம்? எவ்வளவு உப்பும்? உலர்ந்த மண்ணை 10 கிராம் வீதம் நீரிலும் மண்ணெண்ணெயிலும் போட்டு, 24 மணி நேரம் கழித்துக் கன அளவை ஒப்பிடுவார்கள். வித்தியாசம் 20 சதவீதத்துக்குக் கீழ் என்றால் உப்பல் குறைவு. 35-ஐத் தாண்டினால் அதிகம். 50-க்கு மேல் மிக அதிகம்.

1. கரிசலைத் தாண்டித் தோண்டுவது

ஐந்தாறு அடியில் சரளையோ சுக்காம்பாறையோ தட்டுப்பட்டால் வேறு யோசனை வேண்டாம். அதன்மேல் தனித்தனி ஃபுட்டிங் போட்டுத் தூண் எழுப்பி, சுவரைப் பிளிந்த் பீமில் நிறுத்தலாம். உள்ளூர் ஆட்களே செய்துவிடுவார்கள்.

2. மண்ணை மாற்றுவது

உப்பல் நடுத்தரமாக இருந்தால் இது பொருந்தும். ஃபுட்டிங்குக்கு அடியில் சுமார் ஒரு மீட்டர் கனத்துக்கு உப்பாத செம்மண் கிராவலை அடுக்கடுக்காகக் கொட்டி, நனைத்துத் திமிசு போட வேண்டும். பலர் கிராவலுக்குப் பதில் மணலைக் கொட்டுகிறார்கள். மணல் வழியே இறங்கும் மழைநீர் குழியிலேயே தேங்கி, சுற்றியுள்ள கரிசலை ஊற வைக்கும்.

3. அண்டர் ரீம்டு பைல்

கரிசல் ஆழமாக, உப்பலும் அதிகமாக இருந்தால் இதுவே நல்ல தேர்வு. ரூர்க்கியில் உள்ள மத்திய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் இந்த முறையை வளர்த்தெடுத்தது. குறைந்தது 3.5 மீட்டர் துளையிட்டு, அடியில் தண்டைப் போல இரண்டரை மடங்கு விட்டத்துக்குக் குமிழ் விரித்துக் கான்கிரீட் நிரப்புவார்கள். ஈரம் அதிகம் மாறாத ஆழத்தில் அந்தக் குமிழ் நங்கூரமாகப் பிடித்துக்கொள்ளும். பைல்களை இணைக்கும் பீமுக்கு அடியில் மூன்று அங்குல இடைவெளி அவசியம். அதை அடைத்துவிட்டால் உப்பும் மண் பீமையே தூக்கும். அனுபவமுள்ள குழு தேவை. துளை சரியும் மணல் பாங்கில் இது சிரமம்.

4. ராஃப்ட்

ஆண்டு முழுதும் ஈரமாகவே இருக்கும் இளகிய நஞ்சைக் களிக்கு, வீட்டின் அடி முழுதும் ஒரே கான்கிரீட் தளமாகப் போட்டுப் பாரத்தைப் பரப்பும் ராஃப்ட் உதவும். கரிசலில் வெறும் தட்டையான ராஃப்ட் ஓரத்தில் தூக்கி நடுவில் வளையும். விறைப்பான பீம்களோடு வடிவமைத்தால்தான் தாங்கும். கம்பிச் செலவும் கூடும்.

எதைத் தேர்ந்தாலும்

வீட்டைச் சுற்றிச் சரிவான தளம் போடுங்கள். கூரை நீர் சுவரோரம் விழக்கூடாது. செப்டிக் தொட்டியும் வேப்பமரமும் தள்ளியே இருக்கட்டும். விலை கேட்கும்போது, ஆழத் தோண்டும் கூலியையும் கிராவல் லோடுகளையும் சேர்த்துப் பைல் செலவோடு ஒப்பிடுங்கள். எட்டடிக்கு மேல் கரிசல் இருந்தால் பைலே மலிவாக முடியலாம்.