உழவு மிசின் வாங்கமுன்

துணுக்காயில் காலபோக உழவுக்கு இறங்கும் மிசின்களில் பல இந்தியாவில் செய்தவை. அங்கே 2023 ஜனவரி முதல் 50 குதிரை வலுவுக்கு மேற்பட்டவற்றுக்குப் புகை விதி இறுகியது. அதனால் அதன்பின் செய்த பெரிய மிசின்கள் பலவற்றில் டீசலை அளந்து விடுவது கணினிப் பெட்டி. அதற்குக் கீழே பெரும்பாலும் கணினி இல்லாத பழைய வகைப் பம்ப்தான். வாங்கமுன் பம்ப் எந்த வகை, கோளாறு பார்க்கும் கருவி கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ யாரிடம் உண்டு என்று கேளுங்கள்.

பழைய பம்ப் என்றால், டீசல் குழாயில் காற்றுப் புகுந்து நின்றாலும், அதை எடுத்து வயலிலேயே ஸ்டார்ட் பண்ணலாம். கணினி மிசினில், எஞ்சின் ஓடும்போது டீசல் குழாயைத் தளர்த்தவே கூடாது. காற்றழுத்தத்தைப்போல் ஆயிரம் மடங்கையும் தாண்டக்கூடிய அழுத்தம் அதில். டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். காயம் ஊசிக்குத்து அளவே தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

போர்க்காலப் பொருளாதாரத் தடையில் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டிய ஆக்கள் நாங்கள். அந்தக் கெட்டித்தனத்தைக் கணினி மிசினில் காட்ட வேண்டாம்! தண்ணீர் கலந்த பரல் டீசலே இன்ஜெக்டரைக் கெடுத்துவிடும். பில்டரின் அடியில் தேங்கும் தண்ணீரை வேலை தொடங்கமுன் திறந்து விடுங்கள். வெல்டிங் வைக்கமுன் பற்றரி வயர்களைக் கழற்றுங்கள்.

பழைய மிசின் கறுப்பாகப் புகைத்தால் முதலில் எயார் பில்டரைப் பாருங்கள். அதற்காகப் பம்ப்பின் முத்திரையை (சீல்) யாரையும் உடைக்க விடாதீர்கள். ஐந்தாறு ஏக்கர் வயலுக்கு 50 குதிரை வலுவுக்குக் கீழ்ப்பட்ட, பழைய பம்ப் மிசினே போதும்.