முதல் சுற்றிலேயே பலசாலியா?

கேள்வி: செஸ் போட்டிக்குப் போனால் என் மகளுக்கு முதல் சுற்றிலேயே கொழும்புப் பலசாலி ஒருவர்தான் எதிராளி. வேண்டுமென்றே செய்கிறார்களா?
– ஒரு தாய், டிக்கோயா

பதில்: இல்லையம்மா, அது சுவிஸ் முறை. 100 பேரை ரேட்டிங் வரிசையில் நிறுத்தி, முதலாமவருக்கு 51ஆம் ஆளையும் இரண்டாமவருக்கு 52ஆம் ஆளையும் சோடி சேர்ப்பார்கள். கீழ்ப்பாதியில் இருக்கும்வரை முதல் சுற்றில் மேல்பாதி ஆள்தான் வருவார்.

ரேட்டிங்கில் 400 புள்ளி கூடியவரோடு 100 ஆட்டம் ஆடினால் எலோ என்னும் ரேட்டிங் கணக்கு எதிர்பார்ப்பது சுமார் 8 புள்ளி. ஆனால் ரேட்டிங் உள்ள சிறுமி தோற்றால் போவது 3 ரேட்டிங் புள்ளி, வென்றால் ஏறுவதோ 37! பயப்பட வேண்டியவர் எதிரே இருப்பவர்தான்.

பயத்தில் காய்களையெல்லாம் மாற்றி வெட்டிச் சமநிலை தேடுவார்கள் பிள்ளைகள். வேண்டாம். காய் குறைந்த இறுதி ஆட்டத்தில்தான் பலசாலியின் கை ஓங்கும். சிக்கலான நிலையில் அவரும் தடுமாறுவார். 2022 பெப்ரவரியில், 16 வயதுச் சென்னைப் பையன் பிரக்ஞானந்தா, உலக சாம்பியன் கார்ல்சனைக் கறுப்புக் காய்களோடு 39 நகர்த்தலில் வென்றார். இணையவழி விரைவு ஆட்டம்தான், இருந்தாலும் கார்ல்சன் கார்ல்சன்தானே! அதே தொடரில் அதற்குமுன் தோல்விகளும் கண்டவர் அந்தப் பையன்.

முதல் சுற்றில் தோற்றதும் பிள்ளையை வீட்டுக்குக் கூட்டிப்போய்விடாதீர்கள். அடுத்த சுற்றில் தோற்றவருக்குத் தோற்றவர்தான் சோடி.