டீச்சிங் அசிஸ்டன்ட் தேர்வு: பாஸ் மார்க்கைப் பார்த்து மிரளும் முன்

பிள்ளைகள் பள்ளிக்குப் போகத் தொடங்கியதும், அதே பள்ளியில் நாமும் ஒரு வேலைக்குப் போனால் என்ன என்று அமெரிக்காவில் வாழும் நம் பெண்கள் பலருக்கும் தோன்றுகிறது. வகுப்பாசிரியருக்குத் துணையாக நிற்கும் டீச்சிங் அசிஸ்டன்ட் வேலை அதற்கு நல்ல வழி. ஆனால் "எத்தனை மார்க் எடுத்தால் பாஸ்?" என்ற கேள்விக்கு அங்கே நாடு முழுமைக்கும் ஒரே பதில் கிடையாது.

செய்ய வேண்டியவை

உங்கள் மாநிலம் எந்தத் தேர்வைக் கேட்கிறது, எத்தனை மதிப்பெண் கேட்கிறது என்று முதலில் பாருங்கள். இ.டி.எஸ். நிறுவனம் நடத்தும் பாராபுரோ தேர்வுக்கு வர்ஜீனியாவில் 455 போதும், இல்லினாயில் 460, மாசசூசெட்ஸில் 464. இல்லினாயில் 461 வாங்கித் தேறியவர் பாஸ்டனுக்குக் குடிபோனால் அதே மதிப்பெண் அங்கே செல்லாது. மாநிலம் எண் எதையும் சொல்லாத இடத்தில் ஸ்கூல் டிஸ்ட்ரிக்டைக் கேளுங்கள். நியூயார்க்கில் தேர்வே வேறு: ஏட்டாஸ். 100 முதல் 300 வரையுள்ள அளவில் 220 எடுக்க வேண்டும்.

தேர்வு உங்களுக்குத் தேவைதானா என்றும் விசாரியுங்கள். இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். ஏழைக் குழந்தைகளின் படிப்புக்கான டைட்டில் ஒன் நிதியில் பணிபுரியும் உதவியாளர்களுக்கு 2002-இல் கையெழுத்தான கல்விச் சட்டம் தகுதி வகுத்தது. 2015-இல் வந்த சட்டமும் அதை மாற்றவில்லை. பள்ளி இறுதிப் படிப்புடன் இரண்டாண்டுக் கல்லூரிப் படிப்போ, அசோசியேட் பட்டமோ, தேர்வில் தேர்ச்சியோ, மூன்றில் ஒன்று இருந்தால் போதும். மதுரையில் படித்து வாங்கிய பி.எஸ்ஸி. பட்டத்தை மதிப்பீட்டு நிறுவனத்திடம் கொடுத்து, அமெரிக்கப் படிப்புக்கு ஈடானது என்று சான்று வாங்கினால், பல மாநிலங்களில் தேர்வே எழுத வேண்டியதில்லை. நியூயார்க்கில் மட்டும் பட்டம் இருந்தாலும் ஏட்டாஸ் எழுதித்தான் ஆக வேண்டும்.

அடி, அங்குலம், பவுண்டு, அவுன்ஸ், கேலன் ஆகியவற்றை மனப்பாடம் செய்யுங்கள். மீட்டரிலும் கிலோவிலும் வளர்ந்த நாம் தடுமாறுவது இங்கேதான். ஆங்கில எழுத்துக்கூட்டலும் அமெரிக்க முறைப்படி இருக்கட்டும்.

எச்-4 விசாவில் இருப்பவர்கள் வேலை அனுமதி கையில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தேர்வுக்குப் பணம் கட்டுங்கள்.

செய்யக்கூடாதவை

480-க்கு 460 என்றால் 96 விழுக்காடு என்று கணக்குப் போடாதீர்கள். பார்த்த மாத்திரத்தில் "நமக்கு ஆகாது" என்று ஒதுங்கிவிட்ட பெண்களை எனக்குத் தெரியும். நினைக்கும்போதே மனம் வலிக்கிறது. பாராபுரோவின் அளவுகோல் பூஜ்யத்தில் தொடங்குவதில்லை, 420-இல் தொடங்குகிறது. சரியான விடைகளின் எண்ணிக்கையை 420-க்கும் 480-க்கும் இடையிலான ஓர் எண்ணாக மாற்றித் தருகிறார்கள். அதனால் 460 என்பது 96 விழுக்காடு ஆகாது. வாசிப்பு, கணிதம், எழுத்து என்று 90 கேள்விகள், இரண்டரை மணி நேரம், மூன்றுக்கும் சேர்த்து ஒரே மதிப்பெண். கணிதத்தில் சற்றுச் சறுக்கினாலும் வாசிப்பில் ஈடுகட்டலாம்.

எந்தக் கேள்வியையும் விடையில்லாமல் விட்டுவிடாதீர்கள். தப்பான விடைக்கு மார்க் குறைப்பதில்லை.

"நான் எம்.எஸ்ஸி. கணிதம், இதற்கு என்ன படிப்பது?" என்று போகாதீர்கள். கேள்விகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, வகுப்பில் குழந்தைக்கு எப்படி உதவுவீர்கள் என்பதைப் பற்றியது. ஒரு மாணவன் அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டி, ஐந்தில் இரண்டு என்று எழுதியிருக்கிறான் என்று வையுங்கள். விடை ஆறில் ஐந்து என்பது உங்களுக்கு நொடியில் தெரியும். ஆனால் அங்கே கேட்பது அவன் எங்கே பிசகினான் என்பதை. மேலெண்களைத் தனியாக, கீழெண்களைத் தனியாகக் கூட்டியிருக்கிறான். பகுதிகளைச் சமமாக்க வேண்டும் என்பது அவனுக்குப் புரியவில்லை. கூட்டிய விடை கூட்டப்பட்ட அரையைவிடக் குறைவாக இருக்கிறதே என்று அவனையே கவனிக்க வைப்பவர்தான் நல்ல உதவியாளர். மாதிரித் தேர்வு எழுதும்போது இந்தக் கேள்விகளுக்குக் கூடுதல் நேரம் கொடுங்கள்.

நியூயார்க்கில் டீச்சர் எய்ட் என்று விளம்பரம் வந்தால் அதை டீச்சிங் அசிஸ்டன்ட் வேலையோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். எய்ட் பாடம் நடத்துவதில் பங்கெடுக்க மாட்டார்; அதற்கு ஏட்டாஸும் வேண்டாம், மாநிலச் சான்றிதழும் வேண்டாம். பள்ளிச் சூழல் பழகும்வரை அந்த வேலையில் சேர்ந்துகொண்டே தேர்வுக்குப் படிக்கலாம்.